நகரத்தின் முதல் கோடுகள் எவ்வளவு காலம் பேசும்?

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். ஒரு நகரம் உருவாகும்போது போடப்பட்ட திட்டம் நூறு, இருநூறு ஆண்டுகள் கழித்தும் அதன் வளர்ச்சியைத் தீர்மானிக்கும் என்று படித்திருக்கிறீர்கள். ஆனால் கோணல்மாணலாக வளர்ந்த லண்டன் செழிக்கிறது, அளவெடுத்துக் கட்டிய எத்தனையோ ஊர்கள் சிறிய ஊர்களாகவே நின்றுவிட்டன. அப்படியிருக்க, இனிமேல் வரப்போகிற மக்களுக்காக இன்றே சாலைக்கு இடம் விட்டுவைப்பது வீண் செலவுதானே என்பது உங்கள் சந்தேகம். பாதி வளர்ந்துவிட்ட ஊருக்கு இதனால் என்ன பயன் என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. நல்ல திட்டம் ஒரு நகரத்தை வளர வைக்குமா என்பது ஒன்று. வளரப்போகிற நகரம் நன்றாக வளருமா, திணறி வளருமா என்பதைத் திட்டம் தீர்மானிக்குமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு என் பதில், பெரும்பாலும் இல்லை. இரண்டாவதற்கு, சந்தேகமில்லாமல் ஆம். நான் நகரமைப்பு படித்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஊர்களின் ஓரத்தில் சாலை, மனை, வடிகால் இவற்றுக்குக் கோடு போடுவதுதான் என் வேலை. ஆகவே இரண்டாவது கேள்விக்கு அனுபவத்திலிருந்து பேசுகிறேன். முதல் கேள்வி பொருளாதாரம் சார்ந்தது, அதில் மற்றவர்களின் ஆய்வுகளைத்தான் நம்பியிருக்கிறேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. ஒரு நகரத்தில் எல்லாம் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. கடை மாறும், ஆள் மாறுவார், வீடு இடிக்கப்பட்டு அடுக்ககம் எழும். கட்டடத்தின் ஆயுள் ஐம்பது, நூறு ஆண்டுகள் என்று வையுங்கள். அதன் அடியில் இருக்கும் மனையின் எல்லை அதைவிட நீண்ட நாள் நிற்கும். மனைகளுக்கு நடுவே ஓடும் தெரு எல்லாவற்றையும் தாண்டி நிற்கும்.

நீங்கள் சொன்ன லண்டனே இதற்குச் சாட்சி. 1666 செப்டம்பரில் பற்றிய தீயில் சுமார் 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் எரிந்தன. மதிலுக்கு உட்பட்ட பழைய நகரின் பெரும்பகுதி சாம்பல். புதிதாக வரைய இதைவிட நல்ல வாய்ப்பு எந்த நகரத்துக்கும் கிடைக்காது. தீ அணைந்த சில நாட்களுக்குள்ளேயே கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் அகன்ற நேர்ச்சாலைகள் கொண்ட வரைபடத்தை மன்னரிடம் கொடுத்தார். ஜான் ஈவ்லின், ராபர்ட் ஹுக் போன்றோரும் ஆளுக்கொரு திட்டம் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. எரிந்த ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சொந்தக்காரர், அவருக்குக் கீழே ஒரு குத்தகைக்காரர், சில இடங்களில் அவருக்கும் கீழே இன்னொருவர். அத்தனை பேருக்கும் இழப்பீடு கொடுக்க அரசிடம் பணமில்லை. குளிர்காலம் வருவதற்குள் கூரை வேண்டும் என்று மக்கள் தவித்தார்கள். 1667ஆம் ஆண்டுச் சட்டம் செங்கல்லாலும் கருங்கல்லாலும் கட்ட வேண்டும் என்றது, சில தெருக்களை அகலப்படுத்தியது, ஓரிரு புதிய தெருக்களைத் திறந்தது. மற்றபடி பழைய தடத்திலேயே நகரம் மறுபடி எழுந்தது. வீடுகளை எரித்த தீயால் பத்திரங்களை எரிக்க முடியவில்லை.

இந்தப் பிடிமானம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. வெறும் நிலமாக இருக்கும்போது நூறு ஏக்கருக்கு நான்கைந்து உரிமையாளர்கள் இருப்பார்கள். அதில் சாலைக்குக் கோடு போட நான்கைந்து பேரிடம் பேசினால் போதும். அதே நூறு ஏக்கர் மனைகளாகப் பிரிந்துவிட்டால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள். அவர்களில் ஒருவர் மறுத்தாலும் சாலை அவர் வாசலில் நின்றுவிடும். அவர் மீது தவறும் இல்லை, அது அவர் வாழ்நாள் சேமிப்பு. அதற்குமேல் தெருவின் அடியில் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மின்கம்பி எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஒவ்வொன்றும் மற்றொன்றை நம்பி அந்த இடத்தில் இருக்கிறது. பிறகு தெருவை நகர்த்துவது என்றால் இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும். முதலில் ஒரு கோடாக இருந்தது இருபது ஆண்டில் ஆயிரம் பேரின் ஒப்பந்தமாகிவிடுகிறது.

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவு எல்லோரும் சொல்லும் உதாரணம்தான். ஆனால் அது வெற்றிக்கதையாக மட்டும் சொல்லப்படுவதால் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். 1811இல் மூன்று ஆணையர்கள் அந்தத் தீவுக்கு ஒரு திட்டம் வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுக் கணக்கெடுப்பில் நியூயார்க்கின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை, சுமார் 96,000. கட்டடங்கள் தீவின் தெற்கு முனையில்தான் இருந்தன. அதற்கு வடக்கே வயலும் பாறையும் ஓடையுமாக இருந்த இடத்தில் 155 குறுக்குத் தெருக்களுக்கும் 12 நெடுஞ்சாலைகளுக்கும் கோடு போட்டார்கள். நெடுஞ்சாலைகள் 100 அடி, பெரும்பாலான குறுக்குத் தெருக்கள் 60 அடி, நடுநடுவே சில குறுக்குத் தெருக்கள் மட்டும் 100 அடி. இவ்வளவு மக்கள்தொகைக்கு இடம் விட்டிருப்பதைப் பார்த்துச் சிலர் சிரிக்கக்கூடும் என்று ஆணையர்களே தங்கள் குறிப்பில் எழுதினார்கள். ஜான் ராண்டல் என்ற நில அளவையாளர் பிறகு பல ஆண்டுகள் அந்தத் தீவில் நடந்து, தெருக்கள் சந்திக்கப்போகும் இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பளிங்குக் கற்களை நட்டார். நிலத்துக்குள் அத்துமீறி நுழைந்தார் என்று உரிமையாளர்கள் அவர்மேல் வழக்குப் போட்டார்கள், நட்ட குறிகளைப் பிடுங்கினார்கள். வரைபடத்தைவிட அந்தக் கற்களைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அந்தத் திட்டம் எதைச் சொல்லாமல் விட்டது என்பதும் முக்கியம். எந்தத் தெருவில் கடை, எந்தத் தெருவில் வீடு, எத்தனை மாடி என்று அது எதுவும் சொல்லவில்லை. அதனால்தான் நான்கு பக்கமும் தெரு சூழ்ந்த ஒரே மனைத்தொகுதியில் முதலில் தோட்டத்தோடு கூடிய வீடு, பிறகு வரிசை வீடுகள், பிறகு ஐந்து மாடிக் குடியிருப்பு, பிறகு வானளாவிய கட்டடம் என்று நான்கு தலைமுறைகள் மாறி மாறி உட்கார முடிந்தது. 1904இல் சுரங்க ரயில் வந்தபோது அந்த அகலமான சாலைகளின் அடியில் அதற்கு இடம் இருந்தது. ரயில் என்ற பொருளையே பார்த்திராத ஆணையர்கள் அதற்கும் சேர்த்து இடம் விட்டிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

தவறுகளும் அதே அளவு நிலைத்தன. வணிகம் இரு பக்கத்து ஆறுகளிலிருந்து வரும் என்று நினைத்து, ஆற்றுக்கு ஆறு ஓடும் குறுக்குத் தெருக்களை நெருக்கமாகவும் வடக்கு தெற்கான சாலைகளை அரிதாகவும் வைத்தார்கள். போக்குவரத்தோ பிற்காலத்தில் வடக்கு தெற்காகத்தான் பெருகியது. நடுவில் லெக்சிங்டன், மேடிசன் என்ற இரண்டு சாலைகளைப் பின்னர் செருக வேண்டியதாயிற்று. வீடுகளுக்குப் பின்னால் சந்து வைக்காததால் குப்பை மூட்டைகள் இன்றுவரை முன்புற நடைபாதைக்குத்தான் வருகின்றன. ஆற்றுக்காற்று போதும் என்று பூங்காவுக்கு மிகக் குறைவாகவே இடம் விட்டார்கள். பிறகு 1853இல் சட்டம் போட்டு சென்ட்ரல் பார்க்குக்கு நிலம் எடுத்தபோது ஆயிரத்துக்கும் அதிகமானோர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் செனெகா வில்லேஜ் என்ற குடியிருப்பில் சொந்த நிலம் வைத்திருந்த கறுப்பினக் குடும்பங்களும் உண்டு. பூங்காவின் அழகைப் பேசும்போது இதை யாரும் விட்டுவிடக் கூடாது. தீவின் ஓடைகளைத் திட்டம் பொருட்படுத்தவே இல்லை. அவற்றை மண் போட்டு மூடினார்கள், தண்ணீர் போகவில்லை. எக்பர்ட் வீலே என்ற பொறியாளர் 1865இல் அந்தப் பழைய நீர்வழிகளைக் குறித்து வெளியிட்ட வரைபடத்தை அங்கே அடித்தளம் தோண்டுகிற பொறியாளர்கள் இக்காலத்திலும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அப்படியானால் கட்டம் கட்டமாகச் சதுரம் போட்டால் நகரம் நன்றாக இருக்குமா என்று கேட்பீர்கள். கட்டம் என்ற சொல்லில் ஒன்றும் இல்லை, அளவில்தான் எல்லாம். அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஒரு மனைத்தொகுதியின் பக்கம் 200 அடி. 1847இல் வரையப்பட்ட சால்ட் லேக் சிட்டியில் அது 660 அடி, தெருவின் அகலம் 132 அடி. இரண்டுமே கச்சிதமான கட்டங்கள். போர்ட்லண்டின் நடுப்பகுதியில் நடப்பவருக்கு ஓரிரு நிமிடத்துக்கு ஒரு திருப்பம் கிடைக்கிறது. சால்ட் லேக் சிட்டியில் மூன்று மடங்குக்கு மேல் நடந்தால்தான் அடுத்த தெரு. தெருவைக் கடப்பதே ஒரு வேலை. முதல் நாளில் யாரோ பிடித்த அளவுச் சங்கிலியின் நீளம், இன்று அங்கே ஒருவர் நடப்பதா, வண்டி எடுப்பதா என்று முடிவு செய்யும்போது குறுக்கே வந்து நிற்கிறது.

பார்சலோனாவிலிருந்து நான் கற்றுக்கொண்டது வேறு ஒன்று. என் வேலையில் மிகவும் உதவிய பாடமும் அதுதான். பொறியாளர் இல்டெஃபோன்ஸ் செர்டா அந்த நகரத்தின் விரிவாக்கத்துக்கு வரைந்த திட்டம் 1859இல் ஏற்கப்பட்டது. மதிலுக்குள் நோயும் நெரிசலுமாக அடைபட்டுக் கிடந்த மக்களுக்கு வெயிலும் காற்றும் வேண்டும் என்பது அவர் அக்கறை. சுமார் 113 மீட்டர் பக்கமுள்ள மனைத்தொகுதிகள், அவற்றுக்கு நடுவே 20 மீட்டர் தெருக்கள், ஒவ்வொரு மூலையும் வெட்டிவிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு பக்கம் மட்டும் கட்டடம், நடுவில் தோட்டம் என்பது அவர் எண்ணம். தெருக்கள் அவர் போட்டபடியே நிற்கின்றன. தோட்டங்கள் போய்விட்டன. நிலத்தின் விலை ஏற ஏற நான்கு பக்கமும் கட்டினார்கள், உயரத்தைக் கூட்டினார்கள், நடுமுற்றத்தையும் பெரும்பாலும் நிரப்பினார்கள். தெரு பொதுச்சொத்து, தோட்டமோ தனியார் நிலத்தின் மேல் எழுதப்பட்ட ஒரு விதி. இவை இரண்டின் கதியும் அதனால்தான் இப்படி வேறுபட்டது. பொது நிலமாக எழுதிக் கொடுத்த கோடு நிற்கும். தனியார் நிலத்தில் இப்படித்தான் கட்ட வேண்டும் என்ற விதி, ஒவ்வொரு தலைமுறையும் கொடுக்கும் அழுத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஆகவே எது நூறு ஆண்டு நிலைக்க வேண்டுமோ அதை விதியாக எழுதாதீர்கள், நிலமாகப் பிரித்து வையுங்கள் என்று என்னிடம் வேலை கற்க வருகிற இளைஞர்களிடம் சொல்வேன். பார்சலோனாவில் 2016 முதல் சில இடங்களில் பல தொகுதிகளை ஒன்றுசேர்த்து, உள்தெருக்களில் வண்டிகளைக் குறைத்து, நடப்பவர்களுக்கும் மரங்களுக்கும் விட்டுக்கொடுக்கிறார்கள். செர்டா தொலைத்த பசுமை, அவர் காப்பாற்றிய தெருவின் வழியாகவே திரும்பி வருகிறது.

இவையெல்லாம் தேர்ந்தெடுத்த கதைகள் என்று நீங்கள் ஐயப்படலாம். நியாயமான ஐயம். அதனால் என் நம்பிக்கையை அதிகம் உறுதிப்படுத்திய ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். தான்சானியாவில் 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் உலக வங்கியின் உதவியோடு ஏழு நகரங்களில் இரண்டு விதமான வேலைகள் நடந்தன. சில இடங்களில் வெறும் நிலத்தை அளந்து, மனை பிரித்து, சாலை போட்டு, தண்ணீர் கொடுத்து, வீட்டை மக்களே கட்டிக்கொள்ள விட்டார்கள். வேறு சில இடங்களில் ஏற்கெனவே நெருக்கமாக உருவாகியிருந்த குடியிருப்புகளுக்குள் சாலையும் தண்ணீரும் கொண்டுபோனார்கள். பல பத்தாண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களையும் வேறு தரவுகளையும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். முன்கூட்டியே மனை பிரித்த இடங்களில் வீடுகள் பெரியவை, ஒழுங்காக அமைந்தவை, தரமானவை. பின்னால் போய்ச் சரிசெய்த இடங்களில் அப்படிப்பட்ட நீடித்த மேம்பாடு தெரியவில்லை. அரசு வீடு கட்டிக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கோடு மட்டும் போட்டது.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. ஒழுங்கான இடத்துக்குக் காலப்போக்கில் வசதியும் படிப்பும் உள்ளவர்கள் வந்து சேர்வார்கள். வீடு நன்றாக இருப்பது கோட்டினாலா, வந்தவர்களின் கையிருப்பினாலா என்று முழுமையாகப் பிரித்துச் சொல்வது கடினம். எந்த ஏழைக்காகத் தொடங்கினார்களோ அவர் மனையை விற்றுவிட்டு நகர்ந்திருந்தால், நகரத்துக்கு நல்லதாக முடிந்தது அவருக்கும் நல்லதா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. எனக்கு இது உறுத்தலான கேள்வி.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். திட்டம் வளர்ச்சியைக் கொண்டுவருமா? கிடைக்கிற சான்றுகள் திட்டத்தைவிட இருப்பிடத்துக்கே அதிக எடை தருகின்றன. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து அழிந்த ஜப்பானிய நகரங்களை டொனால்ட் டேவிஸ், டேவிட் வெயின்ஸ்டீன் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை சுமார் இருபது ஆண்டுகளுக்குள் நாட்டின் நகரங்களிடையே தங்களுக்கிருந்த பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டன. கட்டடம் போனாலும் துறைமுகமும் சமவெளியும் தொழிலறிவும் போகவில்லை. மாறாக, கை மைக்கேல்ஸ், ஃபெர்டினாண்ட் ரௌக் இருவரும் செய்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. ரோமப் பேரரசு சரிந்தபின் பிரிட்டனில் நகர வாழ்வு ஏறக்குறைய அற்றுப்போனது. பிறகு எழுந்த ஊர்கள் கப்பல் வரக்கூடிய நீர்வழிகளை நாடின. பிரான்ஸில் நகரங்கள் அந்த அளவுக்கு அறுபடாததால் பல ஊர்கள் ரோமானியர் சாலைக்காகத் தேர்ந்த பழைய இடத்திலேயே தங்கிவிட்டன, நீர்வழி வணிகம் பெருகிய காலத்திலும். ஆரம்பத் தேர்வு ஒரு ஊரைத் தவறான இடத்திலும் கட்டிப்போட்டுவிடும் என்பதற்கு அது சான்று.

ஆக, துறைமுகமோ சந்தையோ வேலையோ இல்லாத இடத்தில் எவ்வளவு அழகான வரைபடம் போட்டாலும் ஆள் வரமாட்டார். இன்ன திட்டத்தால் இன்ன நகரம் இத்தனை சதவீதம் வளர்ந்தது என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் தயங்குவேன். நல்ல திட்டம் போடுகிற ஊரில் பொதுவாக நல்ல நிர்வாகமும் வரி வசூலும் இருக்கும். எது எதை வளர்த்தது என்று பிரிப்பது அவ்வளவு சுலபமில்லை. தெருவின் ஒழுங்கு, நிலத்தின் பிரிவு, நடக்கும் தூரம், தண்ணீர் வடிவது, பின்னாளில் ஆகும் செலவு ஆகியவற்றில் முதல் திட்டத்தின் பங்கை உறுதியாகச் சொல்லலாம். ஊரின் செல்வத்தில் அதன் பங்கை அப்படிச் சொல்ல முடியாது. லண்டன் செழித்தது அதன் ஆற்றாலும் வணிகத்தாலும். அதன் பழைய தெருக்களுக்கான விலையை அது பின்னால் பல தவணைகளில் கொடுத்தது.

அந்தத் தவணைகளில் ஒன்று சாக்கடை. 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்தையே திணறடித்த பிறகுதான் பொறியாளர் ஜோசப் பசல்ஜெட்டின் பெருங்குழாய்த் திட்டத்துக்குப் பணம் வந்தது. 1866இல் காலரா மறுபடி வந்தபோது, புதிய குழாய்களோடு இன்னும் முழுதாக இணைக்கப்படாத கிழக்குப் பகுதியில்தான் அது கொன்று குவித்தது. சிகாகோவில் நிலைமை வேறு. ஏரிக்கரைச் சேற்றில், ஏறக்குறைய நீர்மட்டத்திலேயே ஊரைக் கட்டிவிட்டார்கள். சாக்கடைக்குச் சரிவு கிடைக்கவில்லை. 1850களிலும் 60களிலும் குழாயைத் தெருவின் மேல் பதித்து, அதை மூடித் தெருவையே உயர்த்தி, பல செங்கல் கட்டடங்களைத் திருகு ஜாக்கிகள் வைத்து மேலே தூக்கினார்கள். பொறியியல் சாதனை என்று அதை எங்களுக்குப் பாடமாக நடத்தினார்கள். சரிவைப் பார்க்காமல் போட்ட முதல் கோட்டுக்குக் கட்டிய அபராதமாகவும் அதை நடத்தியிருக்க வேண்டும்.

திட்டம் அதிகமாகிக் கெடுவதும் உண்டு. பிரேசில் 1960இல் திறந்த புதிய தலைநகரம் பிரேசிலியா சுமார் ஐந்து லட்சம் பேருக்காக யோசிக்கப்பட்டது. வங்கிக்கு ஓரிடம், விடுதிக்கு ஓரிடம், வீட்டுக்கு ஓரிடம் என்று எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே இடம் குறித்தார்கள். அதைக் கட்டிய தொழிலாளர்கள் எங்கே வாழ்வார்கள் என்பதற்கு மட்டும் இடமில்லை. திறப்பு விழாவுக்கு இரண்டு ஆண்டு முன்பே, 1958இல், தகுவாட்டிங்கா என்ற துணை ஊர் உருவாகிவிட்டது. இன்று தலைநகரத்தை உள்ளடக்கிய கூட்டாட்சி மாவட்டத்தில் 28 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் புகழ்பெற்ற அந்த மூல வரைபடத்துக்கு வெளியே. சண்டிகரும் ஐந்து லட்சம் பேருக்கென்று வரையப்பட்டதுதான். 800க்கு 1200 மீட்டர் என்ற அதன் வட்டாரங்கள் நிழலும் அமைதியுமாக இன்னும் நன்றாக இருக்கின்றன. வளர்ச்சியின் ஒரு பங்கோ எல்லையைத் தாண்டி மொஹாலிக்கும் பஞ்ச்குலாவுக்கும் போனது. முடிந்துபோன ஓவியமாக ஒரு நகரத்தை வரைந்தால் பின்னால் வருகிறவர் அதன் சட்டத்துக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

என் துறை வெட்கப்பட வேண்டிய ஒரு பகுதியும் இருக்கிறது. கோடு நிலைக்கும் என்றால் கெட்ட எண்ணத்தோடு போட்ட கோடும் நிலைக்கும். தென்னாப்பிரிக்காவில் 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம் இனத்துக்கு ஒரு வட்டாரம் என்று பிரித்து, கறுப்பின மக்களை நகர மையத்திலிருந்து தொலைவுக்குத் தள்ளியது. 1991இல் சட்டம் நீங்கியது. தூரம் நீங்கவில்லை. இன்றும் காலை இருட்டில் எழுந்து நெடுநேரம் பயணம் செய்து வேலைக்குப் போகிறவர்கள் அந்தக் கோட்டின் மேல்தான் பயணிக்கிறார்கள். அமெரிக்காவில் 1930களில் வீட்டுக்கடன் கொடுக்க ஆபத்தானவை என்று சில பகுதிகளைச் சிவப்பாகக் குறித்த வரைபடங்களைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. அந்த வரைபடம் ஏழ்மையை உண்டாக்கியதா, ஏற்கெனவே இருந்த ஒதுக்கலைப் பதிவு செய்ததா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

இப்போது வீண் செலவு பற்றி. சாலைக்கு இடம் விடுவது வேறு, சாலை போடுவது வேறு. ஐம்பது ஆண்டு கழித்து வரப்போகிறவருக்காக இன்றே தார் போடுவது வீண்தான். இடம் விடுவதற்கு ஆகும் செலவை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஷ்லோமோ ஏஞ்சல் என்ற நகரியல் அறிஞர் வேகமாக வளரும் ஊர்களுக்கு ஒரு எளிய வழியைப் பரிந்துரைத்தார். ஊருக்கு வெளியே, கிலோமீட்டருக்கு ஒன்று என்று இரு திசையிலும், 30 மீட்டர் அகலத்தில் பெருஞ்சாலைகளுக்கு மட்டும் நிலம் ஒதுக்குங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். கொலம்பியாவின் வல்லேதுபார், மோன்தெரியா போன்ற நகரங்கள் இந்த வழியில் இறங்கின. ஒரு சதுர கிலோமீட்டரில் அந்தச் சாலைகள் எடுக்கும் நிலம் ஆறு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. எல்லாத் தெருக்களையும் சேர்த்து நகர நிலத்தில் 30 சதவீதமாவது தெருவுக்கு வேண்டும் என்கிறது ஐ.நா.வின் வாழிட அமைப்பு. அதில் முன்கூட்டியே பிடித்தாக வேண்டியது இந்த ஆறு சதவீதம்தான். மிச்சத்தை மனை பிரிக்கிறவரிடமிருந்து அந்தந்த நேரத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

அந்த ஆறு சதவீதத்துக்கும் பணம் வேண்டுமே என்றால், பணமில்லாமல் செய்யவும் ஒரு பழைய வழி இருக்கிறது. ஒரு பகுதியின் நிலங்களையெல்லாம் காகிதத்தில் ஒன்றாகச் சேர்த்து, சாலைக்கும் பூங்காவுக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான வடிவில், சாலை முகப்போடு அவரவருக்கே திருப்பிக் கொடுப்பது. நிலம் சிறிதாகும், மதிப்பு பெரும்பாலும் கூடும். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகருக்கு 1902இல் இதற்கென்று சட்டம் வந்தது. 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோ இதை வைத்துத்தான் எரிந்த பகுதிகளை மறுபடி வரைந்தது, லண்டனால் முடியாததை அது பெருமளவு செய்துகாட்டியது. இந்தியாவில் குஜராத் இதை விடாமல் பயன்படுத்தி வருகிறது. சிறிய துண்டு நிலம் வைத்திருப்பவருக்கு மட்டும் இதில் அடி பலமாக விழும். அவருடைய பங்கைக் குறைத்து எடுக்க விதி இல்லாவிட்டால் நான் அந்தத் திட்டத்தை ஆதரிக்க மாட்டேன்.

கற்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு சிறிய ஊருக்குச் சுற்றுச்சாலை வரைந்தோம். நல்ல வரைபடம், முறையான ஒப்புதல். அலுவலகச் சுவரில் அழகாகத் தொங்கியது. தரையில் ஒரு கல் நடவில்லை, அடுத்த ஆண்டு நிதியில் பார்ப்போம் என்று விட்டுவிட்டார்கள். பத்து ஆண்டு கழித்துப் போனேன். சாலை போக வேண்டிய தடத்தில் இருநூறுக்கு மேல் வீடுகள். கட்டியவர்களில் பாதிப்பேருக்கு அப்படி ஒரு கோடு இருப்பதே தெரியாது, தெரிய வழியும் இல்லை. ஒரு வீட்டு அம்மா, "இங்கே சாலை வரும்னு முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க நாலடி தள்ளிக் கட்டியிருப்போமே" என்றார். அவரிடம் சொல்ல எனக்குப் பதில் இல்லை. அந்தச் சாலை இன்றுவரை வரவில்லை. அன்றிலிருந்து தரையில் கல் விழாத வரைபடத்தை நான் முடிந்த வேலையாகக் கணக்கில் வைப்பதில்லை.

கடைசியாக, பாதி வளர்ந்துவிட்ட ஊர் பற்றிக் கேட்டீர்கள். நடுவில் நெருங்கிப்போன பகுதியில் பெரிதாகக் கனவு காணாதீர்கள். அங்கே ஒருவழிப்பாதை, நடைபாதை, குழாய் மாற்றம் என்று சிறுசிறு வேலைகளே பயன் தரும். ஆனால் ஊரின் விளிம்பு ஒவ்வொரு ஆண்டும் புதிதாகத்தான் பிறக்கிறது. அந்த விளிம்புக்கு இன்றுதான் தொடக்கம். அங்கே நான் செய்யச் சொல்வது, முதலில் ஒரு மழைக்காலம் முழுக்க நடந்து தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று குறித்துக்கொள்வது. அந்தத் தடங்களைப் பொது நிலமாக எழுதி வைப்பது. பிறகு பெருஞ்சாலைகளுக்கு அந்த 30 மீட்டரை ஒதுக்குவது, இருக்கிற ஒற்றையடிப் பாதைகளை முடிந்தவரை அனுசரித்து. பிறகு கல் நடுவது, நட்ட இடத்தைப் பத்திரப் பதிவில் ஏற்றுவது. எங்கே கடை, எங்கே வீடு, எத்தனை மாடி என்பதை இப்போதே முழுக்க எழுதிவிடத் துடிக்காதீர்கள். அதை வரப்போகிறவர்களிடம் விட்டுவிடலாம். நிலம் ஒதுக்கியிருக்கிறீர்களா என்று மட்டும்தான் அவர்கள் உங்களைக் கேட்பார்கள்.